கை சொன்ன காய்ச்சல்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பத்து வரை கை தாங்கினால் மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. ஆறிலோ ஏழிலோ கையை எடுத்துவிட்டால் உள்ளே காயில், அதாவது சுற்றிய செம்புக் கம்பி, வேகிறது என்று அர்த்தம். மோட்டாரைக் கொண்டுவந்த விவசாயி அந்த எண்ணிக்கை முடியும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். கள்ளக்குறிச்சியில் அப்போதே காயில் கட்டுகிற கடைகள் நாலைந்து இருந்தன. பெண் உட்கார்ந்து கட்டிய கடை அவருடையது ஒன்றுதான். அவருடைய அண்ணன் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுப்போன கடை. சேலைக்கு மேல் ஒரு பழைய ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்குச் செம்புக் கம்பியோடு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

ஊருக்கு அவர் மோட்டார் அக்கா. பெயர் ஒன்று இருந்தது. அதை எழுதினால் அவர் வீட்டு ஆட்கள் யாராவது படித்துவிடுவார்களோ என்று, பேரன் எடுத்த இந்த வயதிலும் எனக்கு உள்ளுக்குள் நடுங்குகிறது. ஆகவே அக்கா என்றே இருக்கட்டும்.

நான் அப்போது கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். வாரத்தில் ஆறு நாள் மலை. சனிக்கிழமை பஸ்ஸில் இறங்கி வந்து, அக்கா கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் துணி துவைத்து, தூங்கி எழுந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏறுவேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில் மட்டும் நல்ல தேர்ச்சி இருந்தது.

அந்தத் தேர்ச்சியை முதலில் உடைத்தவர் அக்காதான். ஒரு நாள் கடைக்கு வந்த பெண்ணின் இடுப்பில் குழந்தை சோர்ந்து கிடந்தது. அக்கா புறங்கையால் அதன் நெற்றியைத் தொட்டார்.

"நூத்தி ஒண்ணு இருக்குது. இன்னும் ஏறும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் பக்கத்தில் நிற்கிறேன், என் பையில் தர்மாமீட்டர் இருக்கிறது, காயில் கட்டுகிறவர் டிகிரி சொல்கிறார். வேண்டுமென்றே வைத்துப் பார்த்தேன். நூற்றொன்றுக்கு ஒரு கோடு மேலே நின்றது. அடுத்த வாரம் இன்னொரு குழந்தை. அதற்கடுத்த மாதம் எனக்கே காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் அக்கா சொன்னதற்கு முன்னே பின்னே ஒரு கோடுதான்.

"அந்தக் கண்ணாடிக் குச்சிய எனுக்குக் காட்டாத நர்சம்மா. அது கீழ வுழுந்தா ஒடஞ்சி போவும். என் கை ஒடையாது" என்று சிரிப்பார்.

சிரித்துச் சிரித்தே என்னைப் பழக்கிவிட்டார். ஒரு கட்டத்தில் நான் அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் தர்மாமீட்டரை எடுப்பது என்று ஆகிப்போனது. சில நாள் எடுக்காமலும் விட்டேன்.

கரண்ட் விஷயத்திலும் அப்படித்தான். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்டர் வைக்க மாட்டார். விரலின் வெளிப்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார். நான் கத்துவேன். "உள்பக்கம் பட்டாதான் புடிச்சிக்கும். வெளிப்பக்கம் பட்டா தள்ளிவுட்டுரும். தோலுக்கு எல்லாம் தெரியும், நாமதான் கேக்கறது இல்ல" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டு அப்போது மயங்கினேன். இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அக்காவுக்கு ஒரு விபத்து நடந்தது; அது இந்தப் பழக்கத்தால் வரவில்லை. எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு நெல் மில்லில் மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு வேலை பார்த்திருக்கிறார். நிறுத்தினது தெரியாமல் யாரோ மறுபடி போட்டுவிட்டார்கள். வலது கையில் பாதி போயிற்று. மெட்ராஸில் மூன்று மாதம் கிடந்தார். முழங்கையைக் காப்பாற்றிவிட்டார்கள். முழங்கைக்குக் கீழே சாண் அளவுக்கு மிச்சம். அதன்மேல் மூட, தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்த அன்று சட்டைக் கையைச் சுருட்டி எனக்குக் காட்டினார். நான் படித்த படிப்பு சும்மா இருக்குமா? ஒட்டுத் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசி முனையால் மெல்லத் தொட்டேன். பிறகு கொஞ்சம் அழுத்திக் குத்தினேன். ஒரு துளி ரத்தம் வந்தது.

"எப்ப குத்தப் போற?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ புண் பார்த்திருக்கிறேன். புழு வைத்த காலைக் கழுவியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை. "சும்மா, குத்தலக்கா" என்று சொல்லிப் பஞ்சால் துடைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் கரண்ட் கை வந்தது. மெட்ராஸில் ஓர் இடத்தில் அப்படி ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்க ஆள் தேடினார்கள். கையால் பிழைக்கிறவர் வேண்டும், முழங்கை இருக்க வேண்டும் என்றார்களாம். இரண்டும் அக்காவிடம் இருந்தன. மிச்சக் கையை உள்ளே விட்டு மாட்டுகிற கெட்டியான உறை, அதன் முனையில் ஒரு கை, இடுப்பு பெல்ட்டில் பேட்டரி, இரண்டுக்கும் நடுவே ஒயர். கையின் நிறம் வெள்ளைக்காரத் துரைக்குச் செய்தது போல இளஞ்சிவப்பு. உறைக்குள்ளே இரண்டு உலோகப் பொத்தான்கள் தோலோடு ஒட்டி உட்காரும். மிச்சமிருக்கும் சதையை ஒரு மாதிரி இறுக்கினால் அந்தப் பொத்தான்கள் அதைக் கண்டுகொண்டு விரல்களை மூடும். இன்னொரு மாதிரி இறுக்கினால் திறக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம்.

கூடவே இங்கிலீஷில் ஒரு தாள். நான்தான் படித்துச் சொன்னேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டும். கழற்றியதும் தோலைக் கண்ணாடி வைத்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாவிட்டால் மறுபடி மாட்டக் கூடாது. புண் இருந்தால் தொடவே கூடாது. உணர்ச்சி இல்லாத தோலுக்கு இதெல்லாம் இரட்டிப்பாகச் செய்ய வேண்டும் என்று கடைசியில் தனியாகக் கோடு போட்டு எழுதியிருந்தது.

"தோலுக்கு ஒண்ணுன்னா தோலு சொல்லாதா? இத்தினி வருசமா சொல்லிக்கினுதான வந்துச்சி" என்றார் அக்கா.

"இது உங்க பழைய தோலு இல்லக்கா. இது பேசாது."

"சரி, பாத்துக்கறன் போ."

பார்க்கவில்லை. காலையில் மாட்டினால் படுக்கப் போகும்போதுதான் கழற்றினார். கழற்றுவதை யாரும் பார்க்கவும் விடமாட்டார். நான் திட்டினால், "மாட்டிக்கினு இருந்தா கை இருக்குது. கழட்டுனா இல்ல. அவ்ளோதான். உனுக்கு ரெண்டும் இருக்குது, உனுக்குச் சொன்னா தெரியாது" என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்தக் கையை வைத்து இரண்டு மாதத்தில் மறுபடி காயில் கட்ட ஆரம்பித்துவிட்டார். இளஞ்சிவப்பு விரல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், இடது கை சுற்றும். முன்பு ஒரு நாளில் முடித்தது இப்போது மூன்று நாள். அந்த மூன்று நாளும் விவசாயிகள் காத்திருந்தார்கள். பக்கத்துக் கடைக்குப் போகவில்லை. அதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

ஒரு தொல்லை இருந்தது. சில நேரம் என்ன இறுக்கினாலும் கை திறக்காது. ஒட்டுத் தோலுக்கு வியர்க்காது. எப்போதும் காய்ந்து கிடக்கும். காய்ந்த தோலில் பொத்தான்கள் சரியாகப் பேசாது. தாளில் கொஞ்சம் நல்ல தண்ணீர் தொட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தது. தண்ணீர் அரை மணியில் காய்ந்துவிடுகிறது என்று அக்கா புலம்பினார். பிறகு புலம்பல் நின்றுபோயிற்று. கை சொன்னபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. நானும் ஏன் என்று கேட்கவில்லை. நல்லது நடந்தால் காரணம் கேட்கிற வழக்கம் நமக்கு ஏது?

மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு மறித்த அந்த வருடத்துக்கு வருகிறேன். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. அவர்கள் கேட்டதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மறியல் தொடங்க ஒரு நாள் இருக்கும்போதுதான் அக்கா என்னோடு மலைக்கு வந்தார். கரியாலூர்ப் பக்கத்தில் மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஹாஸ்டல் ஒன்று. அதன் கிணற்று மோட்டார் எரிந்துபோய், பிள்ளைகள் ஓடைத் தண்ணீரைக் குடித்து வரிசையாக வயிற்றுப்போக்கோடு என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். நான்தான் அக்காவிடம் சொன்னேன். மோட்டாரைக் கீழே கொண்டுவர வண்டி கிடைக்காது என்பதால், செம்புக் கம்பியையும் வார்னிஷ் டின்னையும் மூட்டை கட்டிக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை வளைவுகளில் பஸ் ஏறும்போது ஒன்று நடந்தது. அக்கா ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் இருந்த அந்தக் கை தானாகத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. எதிர் சீட்டில் இருந்த மலைக்காரப் பெண் தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் அக்காவை உலுக்கினேன். கண் விழித்துப் பார்த்து, துண்டை எடுத்து அதன் மேல் போட்டார்.

"ஒயரு எங்கியோ உரசுது. கடைக்குப் போயி பாக்குறன்" என்றார்.

துண்டுக்கு அடியில் அது இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பஸ் வரவில்லை. டாக்டர் கீழே மாட்டிக்கொண்டார். நிலையத்தில் நான் மட்டும். அக்கா ஹாஸ்டல் தாழ்வாரத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் போய் நின்றபோது ஒரு கெட்ட வாடை வந்தது. "வார்னிஷ்" என்றார். வார்னிஷ் வாடை எனக்குத் தெரியும். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. இருந்தும் வயிற்றுப்போக்குப் பிள்ளைகள் பதினைந்து பேர் படுத்திருக்கும் இடத்தில் எந்த வாடையைத்தான் தனியாகப் பிரிப்பது என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம். இதை மட்டும் நான் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். மேலே வேலையாக வந்திருந்த ஒரு ஜீப் கீழே இறங்கப் போனது. போலீஸ் துணையோடு போகிறோம், இதுதான் கடைசி வண்டி, யாராவது வருகிறீர்களா என்று டிரைவர் ஹாஸ்டல் வாசலில் நிறுத்திக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நல்ல வெயிலில் சட்டைக்கு மேல் என் போர்வையைப் போர்த்திக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு உடம்பு சுடுதா?"

இடது கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நொடி இருந்தார்.

"தொண்ணூத்தொம்போது. ஒண்ணுமில்ல. மலைக் குளிரு" என்றார்.

என் பை என் தோளில் தொங்கியது. தர்மாமீட்டர் அதில் இருந்தது. காய்ச்சல்காரர் தன் கையாலேயே தன் நெற்றியைத் தொட்டால் என்ன தெரியும்? கை கொதிக்கிறது, நெற்றியும் கொதிக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது. பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கணக்கு. நான் நர்ஸ். எனக்கு அன்று புரியவில்லை. அந்தக் கை சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன். இன்னொன்றும் உண்டு. அவர் போய்விட்டால் மோட்டார் அப்படியே கிடக்கும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நான் என்ன செய்வேன் என்ற பயமும் எனக்கு இருந்தது.

"யாரும் வரலிங்க, நீங்க போங்க" என்று டிரைவரிடம் சொன்னது நான்தான்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மோட்டார் ஓடியது. குழாயில் முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தண்ணீர். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா மோட்டாரின் மேல் கையை வைத்து எண்ணினார். பத்து வந்தது. அதற்குப் பிறகும் கையை எடுக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மோட்டாரைவிட அவர் உடம்பு சூடாக இருந்திருக்கிறது.

"நர்சம்மா, இத்த கொஞ்சம் கழட்டிவுடு. எனுக்குப் பட்டை அவுக்க வரல" என்றார். அந்தக் கையைக் கழற்ற அவர் இன்னொருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நிலையத்தில் இருந்த என் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கழற்றினேன். உறை லேசில் வரவில்லை. உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு விட்டு இழுத்தேன். வந்தபோது மிச்சக் கையில் இரண்டு துண்டுத் துணி ஒட்டியிருந்தது, பொத்தான்கள் உட்காரும் இடத்தில். துணி விறைத்து, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இது இன்னாக்கா?"

"உப்புத் தண்ணி நனைச்ச துணி."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே சொன்னார், வகுப்பு எடுப்பது மாதிரி பொறுமையாக. "எர்த்து போடறப்ப குழியில உப்பும் கரியும் போட்டு தண்ணி ஊத்துவோம் இல்ல? காஞ்ச மண்ணுல கரண்டு எறங்காது. உப்புத் தண்ணி ஊத்துனா நல்லா புடிச்சிக்கும். தோலும் அப்படித்தான். துணிய நனைச்சி வச்சன் பாரு, கை இன்னாமா வேல செஞ்சிது தெரியுமா?"

துணியை எடுத்தேன். அடியில் இரண்டு கறுப்பு வட்டம், பெரிய சாந்துப் பொட்டு அளவு. அழுத்தினால் குழிந்தது. ஒரு வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக உள் சதை தெரிந்தது. உப்பும், உரசின ஒயரிலிருந்து கசிந்த பேட்டரி கரண்ட்டும் சேர்ந்து அந்தத் தோலை நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைத்திருக்கின்றன என்று பிறகு டாக்டர் சொன்னார். சுற்றிலும் வீக்கம். முழங்கையைத் தாண்டி மேலே அக்குள்வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது.

"எத்தினி நாளா இப்படி?"

"வலிக்கவே இல்லியே" என்றார் அக்கா. முகத்தில் ஆச்சரியம். அந்தக் கையைத் தன்னுடையது இல்லாத மாதிரி பார்த்தார். "எனுக்குத் தெரியாம எப்படி?"

தர்மாமீட்டரை வைத்தேன். நூற்று நாலு.

இருந்த ஊசி மருந்தைப் போட்டேன். கட்டினேன். கட்டு இரண்டு தடவை அவிழ்ந்தது, மறுபடி கட்டினேன். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவிட்டு மறியலால் போக முடியாமல் நின்ற ஒரு லாரிக்காரர் மலையடிவாரம் வரை கொண்டுவந்து விட்டார். அதற்கு மேல் சாலை இல்லை, மரங்கள்தான் இருந்தன. புளியமரங்களை அடியோடு சாய்த்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். தூரத்தில் டயர் எரிகிற புகை. கம்போடும் அரிவாளோடும் ஆட்கள் நின்றார்கள். நர்ஸ் உடுப்பில் இருந்தேன், அதுவாவது காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரும் போவக் கூடாதுங்க. திரும்பிப் போங்க" என்று ஒருவர் கையை நீட்டினார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஐயோ, நம்ம மோட்டார் அக்கா" என்றார்.

சண்டை போட வந்தவர்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அக்காவைத் தூக்கினார்கள். மரத்துக்கு மரம் கைமாற்றி விட்டார்கள். நடுவில் ஒரு மாட்டு வண்டி, பிறகு சைக்கிள், பிறகு மறுபடி தோள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பாதை பொழுது சாயும்வரை இழுத்தது. அக்கா பாதி நினைவில், "ஆறு, ஏழு" என்று எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். நான் பின்னால் ஓடினேன். பையில் கரண்ட் கை கிடந்தது. ஓடுகிற ஓட்டத்தில் அது உள்ளே திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பேட்டரியைப் பிடுங்கிவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை; தூக்கி எறிந்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

உயிர் பிழைத்தார். முழங்கை பிழைக்கவில்லை. தோளுக்குக் கீழே நாலு விரல் அளவு விட்டு எடுத்துவிட்டார்கள். "ஒரு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா முழங்கைய வச்சிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். முழங்கை இல்லாமல் அந்தக் கரண்ட் கையை மாட்ட முடியாது. காயில் கட்டவும் முடியாது.

"ரோட்ட மறிச்சிட்டாங்க சார்" என்றேன். பொய் இல்லை. எல்லோரிடமும் அதையே சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தாய் என்று மெச்சினார்கள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

பத்தாம் நாள் பார்க்கப் போனேன். தியாகதுருகத்தில் கட்டிக் கொடுத்திருந்த அவர் தங்கை கூட இருந்தாள். அவள் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார். உடம்பு இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறன். அந்த ஜீப்பு வந்தன்னிக்கி, நான் தொண்ணூத்தொம்போதுன்னு சொன்னன் இல்ல? நீ குச்சிய வச்சிப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா" என்றேன். யோசிக்கவே இல்லை. "நீங்க கொஞ்சம் கண் அசந்தப்போ வச்சேன். தொண்ணூத்தொம்போதுதான் இருந்துச்சு."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதான பாத்தன். அந்த ஒட்டுத் தோலுதான் சொல்லல. என் கை பொய் சொல்லாது" என்று இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு ஒரு சின்னப் பெண் படுத்திருந்தாள். அவள் அம்மா எழுந்து வந்தாள். "அக்கா, பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குதுன்னு தொட்டுப் பாத்து சொல்லுங்களேன். காலைல நீங்க சொன்னது சரியா இருந்துச்சி." அந்த வார்டும் அக்காவின் கைக்குப் பழகிவிட்டிருந்தது. அக்கா எட்டிக் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். கண்ணை மூடினார்.

"தொண்ணூத்தொம்போது இருக்கும். ஒண்ணுமில்ல. தூங்கட்டும்."

அம்மாக்காரி நிம்மதியாகத் திரும்பினாள். நான் குழந்தையைப் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது. என் கை என்னைக் கேட்காமல் பைக்குள் போனது. குழந்தையின் அக்குளில் தர்மாமீட்டரை வைத்துவிட்டு நின்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன்.

"எவ்ளோ?" என்றார்.

தொண்ணூற்றொன்பது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்த ஒரு நொடியை நினைத்துத்தான் இன்றும் பயப்படுகிறேன். உப்புத் துணியை நினைத்தோ, தானாக அசைந்த கையை நினைத்தோ அல்ல. சொல்லியிருப்பேன். குழந்தை முனகியது.

"நூத்தி மூணு" என்றேன்.

அம்மாக்காரி டாக்டரைத் தேடி ஓடினாள். அக்கா தன் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்தார். என் கை குளிர்ந்திருந்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தக் கை வழியாகவே எனக்குத் தெரிந்தது.

"நீ வைக்கல" என்றார்.

"வைக்கலக்கா."

வெந்நீர்ச் சொம்போடு தங்கை உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள். "நீங்க இல்லன்னா எங்கக்கா இல்லிங்க. அவனுங்க மட்டும் ரோட்ட மறிக்கலன்னா அந்த முழங்கையும் நின்னிருக்கும். இல்லியாக்கா?"

அக்கா என் கையை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஆமாண்டி. ரோடுதான்" என்றார்.

கடைசிவரை எல்லோரிடமும் அதையேதான் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன் கையைக் காப்பாற்றச் சொன்னாரா, தெரியாது. போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.